சப்பாத்தோடு நிற்கிறேன்

முதல் வாளித் தண்ணீரை ஊற்றியபோது வலது கால் குளிர்ந்தது, இடது கால் குளிரவில்லை. மார்கழி மாதத்து விடியற்காலை. இரவெல்லாம் தொட்டியில் கிடந்த தண்ணீர் யாரையும் ஒரு துள்ளுத் துள்ள வைக்கும். இன்னொரு வாளி அள்ளி இடது காலுக்கு மட்டும் ஊற்றிப் பார்த்தேன். தண்ணீர் ஓடுவது கண்ணுக்குத் தெரிந்தது, காலுக்குத் தெரியவில்லை.

அன்று தரம் பத்துக்குக் கணிதப் பரீட்சை வைத்திருந்தேன். கால் விறைத்திருக்கும், நடந்தால் சரிவரும் என்று நினைத்துச் சேலையைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டேன். மத்தியானம் இரண்டு கால்களும் மரத்துவிட்டன. பின்னேரம் கதிரையிலிருந்து எழும்ப முடியவில்லை. பொழுதுபடும்போது சிறுநீரும் போகவில்லை. இதை வாசிக்கிற உங்களில் யாருக்காவது இப்படி ஒரு காலை வந்தால், பரீட்சை கிடக்கட்டும், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அடுத்த நாள் எங்கள் தீவிலிருந்து போகும் முதல் படகில் என்னைக் கதிரையோடு தூக்கி ஏற்றினார்கள். என் கணவர் அதே படகில்தான் எஞ்சின் பார்ப்பவர். குறிகட்டுவான் துறை வரும்வரை அவர் எஞ்சினைப் பார்த்ததைவிட என்னைத் திரும்பிப் பார்த்ததுதான் அதிகம். அங்கிருந்து யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு வான் வண்டியில் கொண்டுபோனார்கள்.

காந்தப் படம் (எம்.ஆர்.ஐ.) எடுத்துப் பார்த்துவிட்டு நோயின் பெயரைச் சொன்னார்கள். முண்ணாண் அழற்சி (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டு வீங்கிப் பழுதாவது). உடம்பின் காவல் படை ஆள் மாறித் தன் நரம்பையே தாக்கிவிட்டது என்று வைத்தியர் விளங்கப்படுத்தினார். வீக்கத்தை அடக்க நாளமூடாக மருந்து ஏற்றினார்கள்.

"நான் நடப்பனோ டொக்டர்?" என்று கேட்டேன்.

"சிலபேர் நல்லா நடக்கினம், ரீச்சர். சிலபேருக்குக் கொஞ்சம் வரும். சிலபேருக்கு வராது. நீங்கள் எந்தப் பக்கம் எண்டு இப்ப சொல்ல ஏலாது."

எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற வைத்தியரை நம்பலாம். பல மாதங்கள் போனபிறகு, நான் மூன்றாவது பக்கம் என்பது சொல்லாமலே விளங்கிவிட்டது. தொப்புளுக்குக் கீழே எனக்கு உணர்ச்சி இல்லை, அசைவும் இல்லை. சக்கர நாற்காலியில் வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர்: நான், என் கணவர், என் அம்மா. கணவர் காலையில் படகுக்குப் போனால் கடைசிப் படகோடுதான் வருவார். பகல் முழுக்க அம்மாதான் எனக்குக் கை, கால், எல்லாம். அக்கா கனடாவில் இருக்கிறாள். ஒவ்வொரு நாளும் போனில் வந்து, "இண்டைக்கு ஏதும் அசைஞ்சதோ?" என்று கேட்பாள். மழை பெய்ததோ என்று விசாரிக்கிற மாதிரி இருக்கும். "இல்லை, வெயில்தான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். திரும்ப வகுப்புக்குப் போக வேண்டும். பள்ளிக்கூடம் எங்கள் தீவிலேயே இருக்கிறது, வீதியும் கொங்கிறீற் போட்டது, வாசலில் சாய்தளமும் கட்டித் தந்தார்கள். அதிபர் வீட்டுக்கு வந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டு நேரடியாகச் சொன்னார்.

"ஒரு தவணை முழுக்க, மூண்டு மாசமும் வர ஏலுமெண்டால் வாங்கோ, ரீச்சர். நாலு நாள் வந்து நாலு கிழமை வீட்டில நிண்டியளெண்டால் பிள்ளையளின்ர படிப்புத்தான் குழம்பும்."

அது நியாயம். என்னால் நாலு நாள்கூட ஒழுங்காக இருக்க முடியவில்லை. இரண்டு காரணங்கள். ஒன்று, சிறுநீர்த் தொற்று. குழாய் வைத்துச் சிறுநீர் எடுப்பவர்களுக்கு அது என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை. காய்ச்சல், நடுக்கம், மறுபடி படகு. மற்றது தசை இறுக்கம் (செயலிழந்த தசைகள் தாமாகவே விறைத்து உதறுவது). சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு கால்களும் பலகைபோல் நீண்டு என்னை நாற்காலியிலிருந்து வழுக்கி விழுத்தும். கரும்பலகைக்கு முன்னால் ஒரு கணித ஆசிரியர் அப்படி வழுக்கினால் அன்றைய பாடம் முடிந்தது.

இயன்மருத்துவர் ஒரு கண்டிப்பான பெண். அவர்தான் நிற்கும் சட்டகத்தைப் பற்றிச் சொன்னார். "ஒவ்வொரு நாளும் கொஞ்ச நேரம் நிண்டால் இறுக்கம் குறையும், சிறுநீர் முழுக்க இறங்கும், வயிறு வேலை செய்யும், எலும்பும் உக்காது. ஆனால் நரம்பு திரும்ப வராது. அதை விளங்கிக்கொண்டு நில்லுங்கோ."

எனக்கு விளங்கியது. வீட்டில் மற்றவர்களுக்கு விளங்கியதா என்று நான் கேட்கவில்லை.

அக்கா பெரிய பெட்டியொன்று அனுப்பினாள். வெளிநாட்டுப் பெட்டியில் வெறுமையாக இடம் விடுவது எங்கள் சனத்துக்குப் பாவம் மாதிரி. சட்டகத்தின் கம்பிகளுக்கு நடுவே பால்மா, சொக்கலேற், ஷாம்பு, அத்தானின் பழைய ஜக்கெற். சொக்கலேற் உருகி முழங்கால் மெத்தையில் அப்பியிருந்தது. அம்மா ஒரு பின்னேரம் முழுவதும் அதைத் துடைத்தார்.

சட்டகம் சிக்கலான சாமான் இல்லை. ஒரு இருக்கை, முழங்கால்களுக்கு மெத்தைத் தடுப்பு, நெஞ்சுக்கு முன்னால் ஒரு தட்டு, பக்கத்தில் ஒரு கைபிடி. கைபிடியை மேலும் கீழும் அடிக்க, இருக்கை மெல்ல நிமிர்ந்து ஆளை எழுப்பும். அடியில் பாதங்களை வைக்க இரும்புத் தகடு. வழுக்காமலிருக்க அதில் புள்ளி புள்ளியாகக் கிளப்பியிருக்கும்.

ஏறுவதற்கு முன் எலும்பின் அடர்த்தியைப் பார்த்தார்கள். நெடுங்காலம் நிற்காத எலும்பு மெலிந்துவிடும், அவசரப்பட்டு நிமிர்த்தினால் முறியவும் கூடும். நீங்களும் வைத்தியரைக் கேட்காமல் ஏறாதீர்கள்.

முதல் நாள் பாதி நிமிர்ந்ததுமே கண் இருட்டிவிட்டது. இரத்தம் முழுவதும் காலுக்கு இறங்கிவிடுவதால் அப்படி வரும். இறக்கி, மூச்சு எடுத்து, மறுபடி. சில கிழமைகள் அப்படியே போயின. ஒருநாள் முழுதாக நிமிர்ந்தேன். பாதம் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கண் உயரத்தில் இருந்தது. அலுமாரிக்கு மேலே ஒரு விரற்கடை தூசி கிடந்தது.

"அம்மா, அலுமாரிக்கு மேல துடைக்கிறதே இல்லையோ?"

அம்மா சேலைத் தலைப்பை வாயில் அமத்திக்கொண்டு அழுதார். என் கணவர் கைபிடியை விடாமல், "நீர் எழும்பின உடனை கொதிக்கத் தொடங்கீட்டீர்" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். அந்த வருடத்தில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

சப்பாத்து விசயத்தில்தான் இழுபறி. சப்பாத்துப் போடாமல் ஒருநாளும் நிற்கக் கூடாது என்று இயன்மருத்துவர் சொல்லியிருந்தார். உணர்ச்சியில்லாத காலில் ஒரு சின்னக் கல் அழுத்தினாலும் புண் வரும்வரை தெரியாது. ஆனால் சட்டகம் நின்றது நடு அறையில், சுவாமி அறைக் கதவுக்கு நேரே. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. கடைசியில் புதுச் சப்பாத்து ஒரு சோடி வாங்கி, அது நிலத்தைத் தொடாது, வாசற்படி தாண்டாது என்று ஒப்பந்தம் செய்தோம். அது சப்பாத்து இல்லை, மருந்து என்று அம்மா தனக்குத்தானே ஒரு முடிவுக்கு வந்தார்.

பலன் தெரியத் தொடங்கியது. இறுக்கம் அடங்கியது. தொற்று வருவது குறைந்தது. காலை முழுக்க நாற்காலியில் இருந்து பார்த்தேன், இருக்க முடிந்தது. ஆவணி விடுமுறை கழிந்து மூன்றாம் தவணைக்கு வருவதாக அதிபருக்குச் சொல்லி அனுப்பினேன்.

அதற்கு முன் ஆனி மாதம் வந்தது. அம்மன் கோயில் திருவிழா.

தேருக்கு அக்கா குடும்பத்தோடு வந்திறங்கினாள். அப்போதுதான் அம்மாவின் நேர்த்திக்கடன் வெளியே வந்தது. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வைத்ததாம். 'அம்மாளாச்சி, பிள்ளை எழும்பி நிண்டால் தேரண்டு உன்ர வீதியில நிண்டு கும்பிட வைப்பன்' என்று. அக்கா கேட்டவுடனேயே அழத் தொடங்கிவிட்டாள். எனக்கு விருப்பமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், தேரை நின்று பார்க்க எனக்கும் ஆசை இருந்தது.

சட்டகத்தை லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றி, காலையிலேயே கோயில் வீதி முடக்கில் பலகை போட்டு நிறுத்தினார்கள். பிறகு என்னைக் கொண்டுபோனார்கள். கோயிலுக்கு வெளிக்கிடும்போது எங்கள் ஊரில் செருப்பைக் கழற்றுவோமா என்று யாரும் கேட்பதில்லை. வாசலில் எல்லோருடைய செருப்பும் கிடந்தது. என் சப்பாத்து வீட்டுக்குள் இருந்தது, வாசற்படி தாண்டாது என்று நாங்களே சொல்லி வைத்திருந்தோம். அதைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் பேசவில்லை. நானும்தான்.

முடக்கில் என்னைச் சட்டகத்தில் ஏற்றி நிமிர்த்தினார்கள். தேர் வரத் தாமதமானது. வெயில் ஏறியது. அக்கா என் தலைக்குக் குடை பிடித்தாள், அத்தான் முகத்துக்கு விசிறினார், அம்மா இளநீர் பருக்கினார். காலுக்கு நிழல் இருக்கிறதா என்று பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு பெண் என்னைக் கண்டு கைகளைத் தலைக்கு மேலே தூக்கி, "அம்மாளாச்சி எழுப்பிப் போட்டா!" என்று கத்தினாள். சுற்றி நின்றவர்களும் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள். அம்மாளாச்சி இல்லை, கைபிடி என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் தேர் வந்துவிட்டது.

எல்லோருடைய தலைகளுக்கும் மேலால் அதைப் பார்த்தேன். இடுப்புகளையும் முழங்கைகளையும் பார்த்துப் பழகிவிட்ட எனக்கு அது பெரிய காட்சி. சந்தோசமாக இருந்தது. பின்னால் நடந்ததற்காக அந்தச் சந்தோசத்தை நான் மாற்றிச் சொல்லப் போவதில்லை.

என்னை இறக்கும்போது என் கணவர் பாதத்தைத் தூக்கக் குனிந்தார். தகட்டில் கை பட்டதும் வெடுக்கென்று இழுத்தார். பிறகு என் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார். தகட்டின் புள்ளிகள் அப்படியே பதிந்திருந்தன, குதிக்காலில் தோல் வெள்ளையாக வெந்திருந்தது.

"நீர் ஒண்டும் சொல்லேல்லையே" என்றார். சொல்லிவிட்டுத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

மறுபடி படகு, மறுபடி பெரியாஸ்பத்திரி. வலது கால் மேலோட்டமான காயம். இடது குதிக்கால் ஆழமாகச் சுட்டிருந்தது. சத்திரசிகிச்சை வைத்தியர் எதையும் மறைக்கவில்லை.

"எங்களுக்குச் சுட்டால் ஒரு நொடியில காலை எடுத்திடுவம். உங்கட கால் அந்தச் செய்தியை அனுப்பேல்லை. இப்ப ஆறுறதும் மெதுவாத்தான் நடக்கும். கிருமி எலும்புக்குள்ள போனால் குதியைக் காப்பாத்த ஏலாது, ரீச்சர்."

தொடையிலிருந்து மெல்லிய தோல் எடுத்துப் புண்ணில் ஒட்டினார்கள். குதிக்கால் எதிலும் படக்கூடாது என்பதால் குப்புறப் படுக்கவேண்டியிருந்தது. வலி இல்லை. வலி இல்லாத காயம் நல்லதென்று நினைக்காதீர்கள். வலி இருந்தால் இன்றைக்குக் கூடியிருக்கிறது, குறைந்திருக்கிறது என்று ஆளுக்குத் தெரியும். எனக்கு மருந்து கட்டும்போது தாதியின் முகத்தைப் பார்த்துத்தான் என் காலின் நிலையை அறிய முடிந்தது.

மூன்றாம் தவணை என்னை விட்டுவிட்டுத் தொடங்கியது. என் வகுப்பை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். குப்புறக் கிடந்து தலையணைக்குள் அழுதேன். கால் போனபோது அழுததைவிட அதிகம்.

வீட்டுக்கு வந்தபோது தோல் பிடித்திருந்தது, கால் தப்பிவிட்டது. ஆனால் நிற்காமல் கிடந்த மாதங்கள் தங்கள் கணக்கைக் காட்டின. இறுக்கம் திரும்ப வந்தது. தொற்றும் வந்தது. வைத்தியர் காயத்தைப் பார்த்துவிட்டு, மெல்ல மெல்லத் திரும்ப நிற்கலாம் என்று சொன்னார். நான் அம்மாவைக் கூப்பிட்டேன்.

அம்மா சட்டகத்தைச் சாக்கால் மூடி மாட்டுக்கொட்டிலுக்குள் தள்ளியிருந்தார்.

"இனி அந்தச் சாமானில ஏற வேண்டாம். நான் வைச்ச நேர்த்திதான் உன்ர காலைச் சுட்டது."

"நேர்த்தி சுடேல்லை அம்மா. இரும்பு சுட்டது."

"வேண்டாம் எண்டால் வேண்டாம். நடை வரேக்க தானா வரட்டும். அம்மாளாச்சி தாற நேரம் தரட்டும்."

பகலில் கைபிடியை அடிக்க அம்மாவை விட்டால் எனக்கு ஆள் இல்லை. அம்மா மறுத்தால் நிற்க முடியாது. நிற்காவிட்டால் அடுத்த தவணையும் போய்விடும். எனக்கு மண்டை கொதித்தது. ஆனால் குரலை உயர்த்தாமல் சொன்னேன்.

"அம்மா, நான் நடக்கப் போறதில்லை."

அந்த வசனத்தை அதுவரை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அம்மா என்னைப் பார்த்தார். எழும்பிக் குசினிக்குள் போனார். பானையை உருட்டும் சத்தம் கேட்டது. நான் நாற்காலியை உருட்டிக்கொண்டு போய்ப் பார்க்கவில்லை, விட்டுவிட்டேன். வெகுநேரம் கழித்துக் குசினி வாசலில் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது.

"நடக்கப் போறதில்லையெண்டால் பிறகேன் நிக்கிறாய்?"

"கதிரையில இருக்கிறதுக்கு அம்மா. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் நிண்டால்தான் மிச்ச நேரம் விழாமல், காய்ச்சல் வராமல் இருக்க ஏலும். இருந்தால்தான் படிப்பிக்க ஏலும். வேறை ஒண்டுக்கும் இல்லை."

"இதை முதலே சொல்லியிருக்கலாமே" என்றார் அம்மா.

சொல்லியிருக்கலாம்தான்.

விடிய எழும்பிப் பார்த்தபோது சட்டகம் நடு அறையில் நின்றது. அம்மா அதன் தகட்டுக்கு ஒரு தடித்த றப்பர் விரிப்பு வெட்டிப் போட்டிருந்தார். கையில் என் சப்பாத்து. உள்ளே கையை விட்டு, விரல்களால் மூலை மூலையாகத் தடவி, ஒன்றுமில்லை என்று கண்டபிறகுதான் காலில் மாட்டினார். இன்றுவரை அப்படித்தான். ஏறுமுன் ஒரு தடவை, இறங்கியபின் ஒரு தடவை என் பாதங்களைக் கையால் தடவிப் பார்ப்பார். குதிக்காலில் சிவப்பு இருந்தால் அது மறையும்வரை அடுத்த நிற்றல் இல்லை. வெயிலில் கிடந்த எதிலும், சூடான எதிலும் என் உடம்பு படுவதற்கு முன் இன்னொருவருடைய உடம்பு பட வேண்டும். வான் இருக்கை, படகு விளிம்பு, சிமெந்துக் கட்டு, மடியில் வைக்கும் சாப்பாட்டுக் கோப்பை, எல்லாம். உங்கள் வீட்டிலும் இதை யாராவது ஒருவர் தன் வேலையாக எடுத்துக்கொள்ளட்டும். எல்லோரும் பார்ப்பார்கள் என்று விட்டால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள்.

அக்காவுக்குப் போனில் அம்மாவே சொன்னார். இனி அசைஞ்சதோ எண்டு கேக்காதை, இண்டைக்கு நிண்டவளோ எண்டு கேள் என்று.

தை மாதம் தவணை தொடங்கியபோது வகுப்புக்குப் போனேன். கரும்பலகையின் கீழ்ப்பாதி எனக்கு, மேல்பாதி வெறுமை. அண்ணாந்து பார்க்காததால் கழுத்து நோகவில்லை என்று பிள்ளைகள் சொன்னார்கள். இடையில் ஒரு தடவை காய்ச்சல் வந்தது, படகு ஏறாமல் வீட்டோடு போனது. தவணை முடிந்தது. அதிபர் அடுத்த தவணை நேரசூசியில் என் பெயரைப் போட்டிருந்தார்.

முன்பு என் உடம்பு நான் கேட்காமலே எனக்குச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது பாதி உடம்பை நான் போய் விசாரிக்க வேண்டியிருக்கிறது, கண்ணாலும், கண்ணாடியாலும், அம்மாவின் கையாலும். நேரமும் அப்படித்தான். குணமாகிற நாள் என்று ஒன்றை எதிர்பார்த்து மற்ற நாட்களை எண்ணித் தள்ளிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படி எதிர்பார்ப்பதில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து, தேத்தண்ணீர் குடித்து, நிற்கிறேன். அது பல் தீட்டுகிற மாதிரி ஒரு வேலை. நிற்கும்போது தட்டில் கொப்பிகளை வைத்துத் திருத்துவேன்.

போன கிழமை அப்படி நின்று திருத்திக்கொண்டிருந்தபோது வெளிவாசல் கேற்றில் ஒரு ஆள் கூப்பிட்டார். தரம் பத்துப் பிள்ளை ஒன்றின் தகப்பன். மகளின் கணிதப் புள்ளியைப் பற்றிக் கதைக்க வந்திருந்தார். அம்மா முற்றத்தில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார்.

"ரீச்சர் வீட்டில நிக்கிறாவோ?"

"ஓம், நிக்கிறா."

அந்த ஆள் உள்ளே எட்டிப் பார்த்திருக்க வேண்டும். குரல் மாறியது. "ஐயோ அம்மா, எழும்பீட்டாவோ? ஆர் வைத்தியம்? எப்ப நடக்கத் தொடங்கினவ?"

நான் பேனையை நிறுத்திவிட்டேன். அம்மா என்ன சொல்லப் போகிறார் என்று காது கொடுத்தேன்.

"அவ நடக்கிறேல்லைத் தம்பி" என்றார் அம்மா, இலை உருவும் கையை நிறுத்தாமல். "ஒவ்வொரு நாளும் இந்த நேரம் நிக்கிறவ. நிண்டு முடியக் கதிரையில இருப்பா. கொஞ்சம் பொறுத்து வாங்கோ, இருந்து கதைக்கலாம்."